ஐரோப்பிய ஆராய்ச்சி நிதி: கேட்கும் முறை

பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் தில்லியிலும் உள்ள ஆய்வுக்கூடங்களில் பணிபுரியும் தமிழன்பர்கள் பலர். அவர்களுள் கணிப்பொறித் துறையைச் சார்ந்தோருக்கு, "எங்கள் ஆராய்ச்சித் திட்டத்தில் நீங்களும் பங்குகொள்கின்றீர்களா?" என்று ஐரோப்பாவிலிருந்து அழைப்பு வருவதுண்டு. அழைப்பு இனியதே, ஆயினும் இசைவு தெரிவிக்குமுன் அந்நிதியின் இயல்பை அறிதல் நலம். அதனையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

1980-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், மின்னணுத் துறையில் அமெரிக்காவும் ஜப்பானும் விரைந்து முன்னேறின. தனித்தனியே நின்ற ஐரோப்பிய நாடுகள் பின்தங்கின. ஒரே ஆராய்ச்சியை ஒவ்வொரு நாடும் திரும்பத் திரும்பச் செய்வது வீண் என்பதை உணர்ந்து, அவை 1984-இல் 'எஸ்பிரிட்' என்னும் தகவல் தொழில்நுட்ப ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கின. முதலாவது கட்டமைப்புத் திட்டமும் அவ்வாண்டிலேயே தோன்றிற்று. அவ்வரிசையில் ஒன்பதாவதாக வந்ததே, 2021 முதல் 2027 வரைக்குரிய 'ஹொரைசன் யூரோப்'. தொடக்கத்தில் இதற்கென வகுக்கப்பெற்ற தொகை ஏறத்தாழ 9,550 கோடி யூரோ.

கூடிச் செய்தலே இந்நிதியின் பிறவிக்குணம். ஆதலின், கூட்டு ஆராய்ச்சித் திட்டங்களுக்கு ஒரு நிறுவனம் மட்டும் விண்ணப்பித்தல் பொதுவாக இயலாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் அல்லது அத்திட்டத்தோடு இணைந்த நாடுகளுள் வெவ்வேறு மூன்றினைச் சேர்ந்த, ஒன்றையொன்று சாராத மூன்று நிறுவனங்களேனும் கூட வேண்டும்; அவற்றுள் ஒன்றேனும் உறுப்பு நாட்டினதாக இருத்தல் வேண்டும். எண்ணிக்கையை நிரப்புவதற்காக மட்டும் சேர்க்கப்பட்ட பங்காளியை மதிப்பீட்டாளர் எளிதிற் கண்டுகொள்வர். இன்ன வேலையை இவரன்றிப் பிறர் செய்ய இயலாது என்று ஒவ்வொருவரைப் பற்றியும் கூற முடிதல் வேண்டும்.

விண்ணப்பத்தை மதிப்பிடுவோர் மூன்று வினாக்களை எழுப்புவர். ஆராய்ச்சி எத்துணைச் சிறந்தது? அதனால் விளையும் பயன் யாது? சொன்னதைச் செய்து முடிக்கும் ஏற்பாடு தக்கதாக உள்ளதா? ஒவ்வொன்றிற்கும் ஐந்து மதிப்பெண். கூட்டுத் திட்டங்களில் பொதுவாக ஒவ்வொன்றிலும் மூன்றும், மொத்தத்தில் பத்தும் குறைந்த அளவாம். முதலிரண்டில் முழு மதிப்பெண் பெற்று, மூன்றாவதில் இரண்டரை பெற்ற விண்ணப்பத்தை எண்ணிப் பாருங்கள். மொத்தம் பன்னிரண்டரை, ஆயினும் அது தள்ளப்படும். நம் அறிஞர் பலர் முதல் வினாவிற்கே தம் ஆற்றலையெல்லாம் செலவிட்டு, மற்ற இரண்டையும் கடைசி இரவுக்கு ஒதுக்கிவிடுகின்றனர். குறைந்த அளவைத் தாண்டினாலும் நிதி உறுதியன்று. வரிசையில் முன்னிற்போருக்குக் கொடுத்தபின் பணம் எஞ்சியிருத்தலும் வேண்டுமன்றோ?

இனி, இந்திய நிறுவனங்களின் நிலை. 2007 முதல் 2013 வரை நடைபெற்ற ஏழாவது திட்டத்தில் நம் நிறுவனங்களும் நேரே நிதி பெறும் தகுதியுடையனவாயிருந்தன. 2014-இல் தொடங்கிய 'ஹொரைசன் 2020' திட்டத்தில் அந்நிலை மாறிற்று. இந்திய நிறுவனம் சேரலாம். ஆனால் நிதி தானாக வராது. அழைப்பறிக்கையில் அதற்கு இடமளித்திருந்தாலோ, அப்பங்கு இன்றியமையாதது என்று கருதப்பட்டாலோதான் பணம் கிடைக்கும். மற்றபடி, செலவை நாமே தாங்கும் இணைப் பங்காளியாக நிற்க வேண்டும். இதனைக் கேட்டறியாது பெயரைக் கொடுத்துவிட்டால், திட்டம் வென்ற பிறகு உதவியாளருக்கு ஊதியம் தர வழியின்றி இடர்ப்பட நேரும். அவ்விடர் பெரும்பாலும் இளம் ஆராய்ச்சியாளர் தலையிலேயே விழும். ஆகவே, "எங்கள் பங்கிற்குப் பணம் எங்கிருந்து வரும்?" என்பதே முதற்கடிதத்தில் கேட்க வேண்டிய கேள்வி. அதனைக் கேட்க நாணுதல் வேண்டா.

தனி மனிதருக்கு வேறு வாயில்களும் உள்ளன. முனைவர் பட்டம் பெற்றோருக்குரிய மேரி கியூரி ஆய்வு உதவித்தொகையும், 2007-இல் நிறுவப்பெற்ற ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழுவின் மானியங்களும் எந்நாட்டினருக்கும் உரியன. இவற்றிற்கு ஐரோப்பாவில் தம்மை ஏற்றுக்கொள்ளும் ஒரு நிறுவனத்தை நாடிப் பெறுதல் வேண்டும்.

சிறிய செய்தி ஒன்றும் உண்டு. இறுதி நேரம் பெரும்பாலும் பிரசெல்ஸ் நகரத்து மாலை ஐந்து மணி. அது நமக்குக் கோடையில் இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. ஒரு நிமிடம் தவறினும் வாயில் மூடிவிடும்.

பிற மொழியினரிடையே குடியேறி வாழும் நமக்கு ஓர் உண்மை புதிதன்று. அயலாரோடு கூடித் தொழில் செய்யுங்கால், அவர்தம் வழக்கத்தை அறிந்து நடப்பதும், நம் பங்கு இன்னதென்று முன்னரே பேசித் தெளிவதும் நட்பைக் கெடுப்பன அல்ல; காப்பனவே. ஆராய்ச்சி நிதிக்கும் அதுவே முறை. அறிக்கையைப் பொறுமையாகப் படித்து, துணையை ஆய்ந்து தேர்ந்து, கணக்கைத் தெளிந்து, பின்னர் எழுதத் தொடங்குவோமாக.