அறிவிப்பு என்பது கேட்கும் உரிமை!

(‘ஊரைக் காப்பது அறிவிப்பா? அக்கறையா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘அறிவிப்பே’ என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே அக்கறையே உருவாக அமர்ந்திருக்கின்ற நண்பர்களே! வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னாலே, பாதிச் சாப்பாட்டிலே நிமிர்ந்து பார்த்துக் கொண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னாலே பேசிய நண்பர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போனார். ‘நகராட்சி சுவத்துல எழுதுது, ஊராட்சி ஒலிபெருக்கியில சொல்லுது. யாருய்யா கேக்குறான்? இங்கே அசுத்தம் செய்யாதீர்னு எழுதின சுவத்துலதானே அசுத்தம் பண்றான்!’ அப்படின்னாரு. நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லா இருந்தா எதிரணின்னாலும் தட்டணும், அதுதான் பண்பாடு. (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, நான் கேட்கிறேன். அசுத்தம் செய்யாதே என்று எழுதினாரே, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பக்கத்திலே எழுதினாரா? எழுதவில்லை! அப்ப அது அறிவிப்பு இல்லை, அரை அறிவிப்பு. என்ன செய்யப் போகிறோம், எந்தத் தேதிக்குள் செய்யப் போகிறோம், செய்யாவிட்டால் யாரைப் போய்க் கேட்கலாம், இந்த மூன்றும் இருந்தால்தான் அது முழு அறிவிப்பு. அரைவேக்காட்டுச் சோற்றைக் காட்டி, அரிசியே கெட்டது என்று சொல்லலாமா?

அக்கறை பெரியதுதான். மறுக்கவில்லை. எனக்குச் சர்க்கரை இருக்கு. என் மனைவிக்கு என் மேலே அக்கறை இல்லையா? நிறைய இருக்கு! பண்டிகை வந்தா, ‘பாவம், ஒரே ஒரு லட்டு எடுத்துக்குங்களேன்’ என்பார்கள். ஒன்று என்பது நாலிலே போய் நிற்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சமையலறைச் சுவரிலே ஒட்டிய பிறகுதான் லட்டு நின்றது. அக்கறை லட்டைக் கொடுத்தது. அறிவிப்பு லட்டை நிறுத்தியது! (கைதட்டல்)

நான் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவன். மணிமேகலைக் காப்பியத்தின் முதல் காதை எது? விழாவறை காதை. யானையின் பிடரியிலே முரசை ஏற்றி, இந்திர விழா வருகிறது என்று புகார் நகரத்துக்கு அறிவிக்கிறார்கள். தேதியை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்களா? இல்லை. பசியும் நோயும் பகையும் இந்த ஊரை விட்டு ஓடட்டும் என்று வாழ்த்தி, தெருவிலே புதுமணல் பரப்பச் சொல்லி, சண்டை சச்சரவை விட்டு விலகச் சொல்லி முரசு அறைகிறார்கள். சுகாதாரமும் பாதுகாப்பும் அந்த ஒரே அறிவிப்பிலே வந்துவிட்டது!

அது காவியம் என்பீர்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு காவியமா? முதலாம் பராந்தக சோழன் காலத்திலே, கி.பி. 919, 921 ஆண்டுகளிலே, அந்த ஊர்ச்சபை எடுத்த முடிவைக் கோயில் சுவரிலே வெட்டி வைத்தார்கள். ஏரி வாரியத்திலே யார் இருக்கலாம், தோட்ட வாரியத்திலே யார் இருக்கலாம் என்று எழுதினார்கள். பொறுப்பிலே இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது என்று எழுதினார்கள். ‘அக்கறை உள்ளவர்கள் வாருங்கள்’ என்று எழுதவில்லை ஐயா! அக்கறை யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று நெஞ்சைத் திறந்தா பார்க்க முடியும்? கல்லிலே இருந்தால் கை நீட்டிக் கேட்கலாம்.

இனிமேல் சிரிக்க முடியாத இடத்துக்கு வருகிறேன்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர். சின்ன வயதிலே இளம்பிள்ளை வாதம். ஒரு காலிலே இரும்புப் பட்டை, இரண்டு கக்கத்திலும் கட்டை. நன்றாகப் படித்தார், வேலைக்குப் போனார், திருமணமும் ஆயிற்று. மகளுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்திலே சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். நகராட்சி அலுவலகத்துக்குப் போகிறார். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சான்றிதழ் கொடுக்கிற பிரிவு மாடியிலே! படி செங்குத்து, கைப்பிடியும் இல்லை. எதிரே டீக்கடையிலே நின்ற இரண்டு இளைஞர்கள், தங்கமான பிள்ளைகள், ஓடி வந்து, ‘அண்ணே, கவலைப்படாதீங்க’ என்று அவரை அப்படியே தூக்கி மாடிக்குக் கொண்டு போனார்கள். இதுதானே அக்கறை? எதிரணி நண்பர்களே, இதைவிட என்ன அக்கறை வேண்டும்?

கூடவே ஏறி வந்த குழந்தை கேட்டது: ‘அப்பா, நீ பாப்பாவா? உன்னை ஏன் தூக்கிட்டுப் போறாங்க?’

அவர் என்னிடம் வந்து சொன்னார்: ‘ஐயா, அந்தப் பசங்க இல்லேன்னா எனக்குச் சான்றிதழ் கிடைச்சிருக்காது. நல்லா இருக்கட்டும். ஆனா அன்னிக்கு என் பொண்ணு முன்னாடி நான் சின்னவனாப் போயிட்டேன். இன்னொண்ணு, அவங்க ரெண்டு பேரும் அன்னிக்கு ஊர்ல இல்லேன்னா, எனக்கு அந்த ஆபீசே இல்லை.’

நடுவர் அவர்களே, இதுதான் நம்முடைய வழக்கு. அக்கறை, ஆளைத் தூக்கிவிடும். அறிவிப்பு, சாய்தளம் கட்டும். தூக்கிவிட்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சாய்தளத்துக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. அது அவருடைய உரிமை!

அக்கறை மட்டும் போதும் என்கிறவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். 2001-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த கீற்றுக் கொட்டகையிலே விடியற்காலையில் தீப்பிடித்தது. 28 உயிர்கள் போயின. ஏன் ஓட முடியவில்லை? காலிலே சங்கிலி! அவர்களை அங்கே கொண்டு போய் விட்டவர்கள் யார்? பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும். அக்கறை இல்லாமலா விட்டார்கள்? எப்படியாவது குணமாகட்டும் என்று தர்காவை நம்பி, கண்ணீரோடு விட்டார்கள். ‘எங்கேயாவது ஓடிப்போய் அடிபட்டுவிடுவானே’ என்று சங்கிலிக்கும் தலையாட்டினார்கள். அங்கே அக்கறை இருந்தது ஐயா! அனுமதி இல்லை. இத்தனை பேரைத்தான் வைக்கலாம், இத்தனை வாசல் இருக்க வேண்டும் என்று வந்து பார்த்த ஆள் இல்லை. சங்கிலி போடாதே என்று ஓங்கிச் சொன்ன குரல் இல்லை. அதன் பிறகுதான் அந்த இல்லங்கள் மூடப்பட்டன. எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்திலே எழுத்திலே வந்தது. அந்த ஒரு வரி முன்னாலேயே வந்திருந்தால்?

‘அதெல்லாம் தில்லியிலே போடுகிற சட்டம், நம்ம ஊர் மன்றத் தீர்மானத்துக்கு என்ன மதிப்பு?’ என்று கேட்கலாம். அமெரிக்காவிலே, இல்லினாய் மாநிலத்திலே பியோரியா என்று ஒரு நகரம். பார்வையற்ற ஒருவர் கறுப்புக் கோலோடு சாலையைக் கடக்கத் தடுமாறுகிறார். வண்டிக்காரன் கண்ணுக்குக் கோல் தெரியவில்லை. அதைப் பார்த்த அந்த ஊர் அரிமா சங்கத்துக்காரர், கோலுக்கு வெள்ளை அடிக்கலாமே என்று யோசித்தார். அதுவரைக்கும் அது அக்கறை. 1930 டிசம்பரிலே அந்த நகர மன்றம், வெள்ளைக்கோல் பிடித்தவருக்கு வண்டி வழிவிட வேண்டும் என்று விதி செய்து அறிவித்தது. அன்றைக்கு அது உரிமை ஆயிற்று! 1964-லே அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு, அக்டோபர் 15 வெள்ளைக்கோல் பாதுகாப்பு நாள் ஆனது. இன்றைக்கு நம் நாட்டிலும் அந்த நாளைக் கொண்டாடுகிறோம். ஒரு சின்ன ஊரின் அறிவிப்பு கடல் தாண்டி வந்திருக்கிறது.

நம் ஊரிலே நடக்கவில்லையா? 1995-லே நாடு முழுவதும் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கியது. ஆட்டோவிலே ஒலிபெருக்கி, ஊராட்சிப் பலகையிலே தேதி, பள்ளிக்கூடத்திலே முகாம். எத்தனை தாய்மார்கள் இடுப்பிலே குழந்தையோடு ஓடினீர்கள்! அறிவித்ததோடு நின்றார்களா? சொட்டு மருந்து குடித்த பிள்ளையின் சுண்டுவிரலிலே மை வைத்தார்கள். வீடு வீடாகப் போய், விட்டுப்போன வீட்டுக் கதவிலே குறி போட்டு, திரும்ப வந்தார்கள். 2011 ஜனவரி 13-க்குப் பிறகு இந்தியாவிலே காட்டு வகைப் போலியோ ஒரு குழந்தையையும் தொடவில்லை. 2014 மார்ச் 27-லே உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்தது. யார் வந்தார்கள் என்று மட்டும் எண்ணாமல், யார் வரவில்லை என்று எண்ணியதே, அதுதான் முழு அறிவிப்பு!

ஆகவே நான் குறையையும் ஒத்துக்கொள்கிறேன். ஒலிபெருக்கி காது கேளாதவருக்கு எட்டாது. சுவரொட்டி பார்வையற்றவருக்கு எட்டாது. மாடியிலே நடக்கிற கூட்டம் என் மாணவருக்கு எட்டாது. அதற்கு மருந்து அறிவிப்பை விடுவதா? எட்டாதவரைக் கூட்டத்துக்குள்ளே கொண்டு வருவதா? 2025 ஏப்ரலிலே தமிழ்நாடு சட்டப்பேரவை, உள்ளாட்சி அமைப்புகளிலே மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினராக அமர வழி செய்து சட்டத்தைத் திருத்தியது. இனி படி உயரமா இல்லையா என்று, ஏறிப் பார்க்கிறவரே சொல்வார்!

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளும் கிராம சபை கூடுகிற நாள். தாய்மார்களே, அன்றைக்குப் போங்கள். அங்கன்வாடிக்கு இரண்டாவது வாசல் இருக்கிறதா, ரேஷன் கடைக்குச் சாய்தளம் எப்போது என்று கேளுங்கள். தேதியோடு தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதிய தேதி தாண்டினால், அடுத்த கூட்டத்திலே அந்தத் தாளையே நீட்டுங்கள்.

என் மாணவர் அதைத்தான் செய்தார். மனு கொடுத்தார், மறுபடி கொடுத்தார். நகர்மன்றம் தீர்மானம் போட்டது. சான்றிதழ்ப் பிரிவு தரைத்தளத்துக்கு வந்தது. வாசலிலே சாய்தளம், பக்கத்திலே கைப்பிடி, மேலே ஓர் அறிவிப்புப் பலகை. இரண்டாவது குழந்தை பிறந்தபோது, அந்த முதல் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனாராம். அவள் சாய்தளத்திலே முன்னாலே ஓடுகிறாள். இவர் கட்டையை ஊன்றிப் பின்னாலே ஏறுகிறார். பாதியிலே திரும்பி அவள் சொன்னாளாம்: ‘சீக்கிரம் வாப்பா!’

தூக்கச் சொல்லவில்லை நடுவர் அவர்களே, வரச் சொன்னாள்! அந்த ஒரு சொல்லுக்காகவே, ஊரைக் காப்பது அறிவிப்பே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு, அமர்கிறேன்.