முன்னே நடந்தவர்கள்



பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. வகுப்பிலே நானும் அப்படித்தான் நடத்துகிறேன். ஆயினும் நம் செங்கத்து நன்னனைப் பாடும் மலைபடுகடாத்தில் இன்னொரு வழிகாட்டி இருக்கிறான். வழி தவறிய கூத்தர் இசைக்கருவிகளை இயக்கினால், ஓசை கேட்டுக் கானவர் விரைந்து வருவர். அச்சம் நீக்கி, உண்ணக் கனி தந்து, முன்னே நடந்து அழைத்துச் செல்வர். 583 அடிகளில் நன்னனுக்குப் பெயர் உண்டு. பெருங்கௌசிகனார் பெயரையும் நாம் அறிவோம். கானவனுக்குத்தான் பெயரில்லை. பர்வதமலையே அந்த நவிரமலை என்பர். அப்படியாயின் அவன் நமக்கு அண்டை வீட்டான்.

வெள்ளையர் ஆட்சியில் இக்கானவன் 'ஷிகாரி' ஆனான். புலியின் தடம் எத்தனை நாழிகைப் பழையது, காற்று எத்திசையில் வீசுகிறது, பரணை எம்மரத்தில் கட்டுவது என்பதெல்லாம் அவன் அறிவு. சுடுவது மட்டும் துரையின் வேலை. துப்பாக்கி இல்லாதவன் முன்னே நடக்க, துப்பாக்கி உள்ளவன் பின்னே வந்தான் என்பதை வேட்டை நூல்களைப் படிப்போர் மறந்துவிடக் கூடாது. தோல் துரையின் மாளிகைச் சுவருக்குப் போயிற்று.

விதிவிலக்காக ஒருவரைச் சொல்லலாம். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974), பென்னாகரம் பக்கத்துச் சின்னாற்றுக் காட்டில் தமக்கு உற்ற துணையாய் நின்ற பைரா பூசாரிக்குத் தம் 1954ஆம் ஆண்டு நூலில் தனி இயலே ஒதுக்கினார். காட்டைத் தமக்குக் கற்பித்தவன் என்ற நன்றி அதில் இருக்கிறது. எனினும் பைரா எழுதிய ஆண்டர்சனை நாம் படிக்கவில்லையே! துரையின் பொறுமையைப் பற்றியும் குறிதவறியதைப் பற்றியும் அவன் இரவில் தன் குடிசையில் என்ன சொல்லியிருப்பான்?

துரைமார் போனபின் தோல் வணிகர் வந்தனர். இருளர் பிடித்த பாம்புகளின் தோல் கப்பலேறியது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1976இல் தோல் ஏற்றுமதித் தடையும் வந்தன. பிழைப்பு போயிற்று, அறிவு போகவில்லை. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நஞ்செடுத்துப் பாம்பை மீண்டும் காட்டிலேயே விடுகிறார்கள். அந்நஞ்சு கடிபட்டவரின் உயிர்காக்கும் மருந்தாகிறது.

2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேட, மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர் சென்றனர். அவ்வூர் வேட்டையர் சாலையோரமாய் வண்டியில் தேட, இவர்கள் புதருக்குள் இறங்கிச் சட்டையையும் எச்சத்தையும் படித்தனர். இரண்டு வாரத்திற்குள் 13 பாம்புகள் பிடிபட்டன. வந்த வாடிக்கையாளர் அறிவியலார். மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேச்சு. ஆயினும் நடை பழைய நடைதான்: இவர்கள் முன்னே, மற்றவர் பின்னே. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. கானவனுக்குப் பெயர் கிடைக்க எத்தனை நூற்றாண்டுகள் ஆயின பாருங்கள்!

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். சவ்வாது மலையிலும் செங்கத்துக் காட்டோரங்களிலும் தடத்திற்கும் மணத்திற்கும் காலடி ஓசைக்கும் சொல் வைத்திருக்கும் முதியவர்கள் இன்றும் உள்ளனர். அச்சொற்களைத் தொகுக்க வட்டம் முன்வர வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அதைச் சொன்னவர் பெயரையும் ஊரையும் தவறாது அச்சிடுங்கள்.