அழிக்கப்படாத முதற் சாசனம்



உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் கல்வெட்டைக் குடவோலைக்காகவே எல்லாரும் போற்றுவர். அங்குள்ளவை இரண்டு சாசனங்கள் என்பதைப் பலர் நோக்குவதில்லை. முதற் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 919இல், ஊர்ச்சபை வாரிய உறுப்பினர்க்கு 30 முதல் 60 வரை வயது வகுத்தது. 921இல் அதே சபை மீண்டும் கூடி 35 முதல் 70 என மாற்றியது. ஓலை எடுக்கும் முறையையும் விரித்துரைத்தது. முந்தையதைச் செதுக்கி அழிக்கவில்லை. முன் வகுத்தது போதவில்லை என்பது ஊரார் கண்முன் கல்லிலேயே நின்றது. அதனால் சபையின் மதிப்புக் குறைந்ததா? இன்றளவும் அதன் பெயர் நிற்கிறதே!

வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்பேற்க இயலாது என்றும் அச்சபை விதித்தது. மறைப்பதையும் அது குற்றமாகக் கொண்டது.

இன்றைய அலுவலகத் தலைவரோ தம் சுற்றறிக்கை பிழையெனத் தெரிந்ததும் கோப்பிலிருந்து ஓசையின்றி உருவிவிடுகிறார். அதைக் கண்ட எழுத்தரும் தம் பிழையை மறைக்கக் கற்றுக்கொள்கிறார். பின்னர்த் தலைவர்க்கு உண்மை சொல்வார் எவருமிலர்.

தசலட்சண நோன்பின் நிறைவில் பெரியோரும் சிறியோரிடம் கைகூப்பிப் பொறுத்தருள வேண்டுவது சமணர் வழக்கம். அக்கூப்பிய கை அலுவலக வாயில்வரைகூடச் செல்வதில்லை.