எல்லைக் கோடு யார் கையில்?

(சபரகமுவத் தோட்டப் பகுதியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணியும் அரசியல் அமைப்பாளருமான ஒருவர் ஆற்றிய உரை)

  

நிலம் வைத்திருப்போருக்கு வரப்பின் அருமை தெரியும். வரப்பை ஒரு முழம் நகர்த்திவிட்டால், பிறகு நெல்லை எவரும் திருட வேண்டியதில்லை. விளைச்சல் தானாகவே அடுத்தவர் வீட்டுக்குப் போய்விடும். தேர்தல் தொகுதியின் எல்லையும் அத்தகையதே. வாக்குச் சீட்டைப் பறிக்காமல், வாக்களிப்பவரை மிரட்டாமல், வரைபடத்தில் ஒரு கோட்டை இழுத்தே ஒரு மக்கள் கூட்டத்தின் குரலை இல்லாமற் செய்துவிடலாம்.

அந்தக் கோட்டை வரையும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? கட்சிகள் தமக்குள் அடித்துக்கொள்ளும்போது அது யார் கைக்குப் போய்ச் சேருகிறது? இவ்விரு கேள்விகளையுமே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

தலைக்கணக்கில் உண்டு, வாக்கில் இல்லை

சோல்பரி அரசியற்றிட்டம் தொகுதிகளை வகுத்த முறை யாது? 75,000 ஆட்களுக்கு ஓர் ஆசனம், ஆயிரம் சதுர மைல் பரப்புக்கு ஓர் ஆசனம் என்பதே கணக்கு. ஆட்கள் என்ற சொல்லைக் கவனியுங்கள். அக்கணக்கில் தோட்டத் தொழிலாளரும் அடங்கினர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது.

அடுத்து வந்தவை மூன்று சட்டங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம். அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் சட்டத் திருத்தம். பிரஜையல்லாதவரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கலாகாது என்றது கடைசிச் சட்டம். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஒருவர்கூடப் பாராளுமன்றம் செல்லவில்லை.

வாக்குப் போயிற்று, ஆனால் தலைக்கணக்கு போகவில்லை! 1959ஆம் ஆண்டின் எல்லை நிர்ணயத்திலும் நாடற்றவராக்கப்பட்ட நம் மக்கள் ஆட்களாக எண்ணப்பட்டனர். அவர்களின் தலைகளை எண்ணி மலைநாட்டுக்கு ஆசனங்கள் கூட்டப்பட்டன. அவ்வாசனங்களுக்கு வாக்களிக்கும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை. கொழுந்தும் ரப்பர்ப் பாலும் போலவே நம் தலைகளும் பிறர் கணக்கில் வரவு வைக்கப்பட்டன.

ருவன்வெல்லையிலிருந்து லண்டன் வரை

இந்த அநீதியை எதிர்த்த பெரும் வழக்கு கொழும்பிலோ நுவரெலியாவிலோ பிறந்ததன்று. நமது கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லைத் தொகுதியில் பிறந்தது. கோடகன் பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்குமாறு கேட்டார். பதிவு அதிகாரியான முதநாயக்க மறுத்தார். இடாப்பைத் திருத்தும் அதிகாரியாயிருந்த சிவஞானசுந்தரம், அச்சட்டங்கள் அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்று கூறிப் பெயரைச் சேர்க்கப் பணித்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அக்கட்டளையைத் தள்ளியது. 1953இல் லண்டன் பிரிவிக் கவுன்சிலும் அம்முடிவையே உறுதி செய்தது. ஒரு நாடு தன் பிரஜைகள் யாவர் என்று வகுப்பது அதன் இயல்பான உரிமை என்பது பிரபுக்களின் தீர்ப்பு.

இவ்வழக்கு நமக்குக் கற்பித்த பாடம் யாது? சட்டத்தின் வெளித்தோற்றம் எல்லாருக்கும் பொதுவாய் இருக்குமானால், அதனால் வீழ்வது ஒரே மக்கள் கூட்டம் என்பதை நீதிமன்றம் காணாதும் போகலாம். தீங்கு நடந்த பின் வழக்காடுவது கடினம். கோடு வரையும்போதே எதிரில் நிற்பது எளிது.

1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பாத்தி பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று! அவர்களும் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே நாடற்றோர் என்ற பழி நீங்கியது. வாக்கு மீண்டது. எல்லை மீண்டதா?

கட்சி என்னும் கடிவாளம்

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியை உண்டாக்கிற்று. 1982இல் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன தம் கட்சி அங்கத்தவர்களிடம் தேதியிடாத இராஜிநாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பொன்றால் பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டினார். கடிதம் சட்டைப்பையில் இருக்கையில் எந்த அங்கத்தவர் வாய் திறப்பார்?

1991இல் ஐக்கிய தேசியக் கட்சிக்குள்ளேயே கலகம் மூண்டது. லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்காவும் ஜனாதிபதி பிரேமதாசாவுக்கு எதிரான குற்றப்பிரேரணையில் முன்னின்றனர். சபாநாயகர் பிரேரணையை ஏற்கவில்லை. கட்சி அவர்களை வெளியேற்றிற்று. அரசியலமைப்பின் 99ஆம் உறுப்புரைப்படி, கட்சியிலிருந்து விலக்கப்பட்டவரின் ஆசனமும் போய்விடும். உயர் நீதிமன்றம் அவ்விலக்கலைச் செல்லாதென்றால் மட்டுமே தப்பலாம். நீதிமன்றம் விலக்கலைச் செல்லும் என்றது. கட்சிச் சண்டையில் ஜனாதிபதியின் பக்கம் வென்றது. மக்கள் கொடுத்த ஆசனம் பறிபோயிற்று.

அமெரிக்காவில் நடந்தது

கடல் கடந்தும் சற்றே நோக்குவோம். தொகுதியைக் கோணலாக வெட்டும் வித்தைக்கு அமெரிக்கர் ‘ஜெரிமாண்டர்’ என்று பெயரிட்டனர். 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி கையொப்பமிட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி சலமாண்டர் என்னும் பல்லி போன்ற பிராணியின் வடிவில் இருந்ததால் வந்த பெயர் அது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் மாநிலச் சட்டசபையே எல்லை வரைகிறது. கட்சி இலாபத்துக்காக வரைந்த எல்லையை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என்று 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கைகழுவிவிட்டது.

குடிசன மதிப்பை ஒட்டிப் பத்தாண்டுக்கொருமுறை எல்லை வகுப்பதே அங்கே வழக்கம். 2025இல் ஜனாதிபதி டிரம்ப் தம் குடியரசுக் கட்சியின் மாநிலத் தலைவர்களை இடைநடுவிலேயே எல்லையை மாற்றுமாறு நெருக்கினார். டெக்சாஸ் பணிந்தது, ஐந்து ஆசனங்களைக் கூட்டிக்கொள்ளும் நோக்குடன் ஆகஸ்டில் புதிய வரைபடம் நிறைவேறிற்று. அதற்குப் பதிலடியாகக் கலிபோர்னியாவில் எதிர்க்கட்சியினர் நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு மூலம் தமக்கு வாய்ப்பான வரைபடத்தை ஏற்படுத்திக்கொண்டனர். ஆயினும் இந்தியானா மாநிலத்தில் நடந்தது வேறு. 2025 டிசம்பர் 11ஆம் நாள் அம்மாநில மேலவை புதிய எல்லைத் திட்டத்தை 31க்கு 19 என்ற வாக்குகளால் நிராகரித்தது. எதிர்த்து வாக்களித்தவர்களில் 21 பேர் ஜனாதிபதியின் சொந்தக் கட்சியினர்!

அடுத்த தேர்தலில் உங்களுக்கெதிராக ஆள் நிறுத்துவோம் என்ற மிரட்டல் அவர்களுக்கு இருந்தது. ஆனால் தலைவரை எதிர்த்து வாக்களித்த காரணத்தால் அவர்களின் ஆசனம் மறுநாளே பறிபோகவில்லை. அவர்களை வைத்திருப்பதோ வீழ்த்துவதோ வாக்காளரின் வேலை. இங்கோ அது கட்சிச் செயற்குழுவின் வேலை. அமெரிக்கர் எல்லாவற்றிலும் நமக்கு வழிகாட்டிகள் அல்லர். இருப்பினும் இவ்வொன்றில் நாம் கற்கவேண்டியது உண்டு.

ஆளில்லாத சபை

இனி நம் வீட்டுக்கு வருவோம். சபரகமுவ மாகாண சபையின் ஆயுட்காலம் 2017 செப்டெம்பர் இறுதியோடு முடிந்தது. அதே மாதம் 20ஆம் நாள், பெண்களுக்கு இடம் அளிப்பதற்கென வந்த ஒரு மசோதா குழுநிலையில் முற்றாக உருமாற்றப்பட்டு, 17ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறிற்று. பழைய விகிதாசார முறை போய்த் தொகுதியும் விகிதமும் கலந்த முறை வந்தது. அதற்குப் புதிய எல்லைகள் வேண்டும். குழு அமைந்தது, அறிக்கையும் வந்தது. சிதறி வாழும் சிறுபான்மையினர் தம் பிரதிநிதித்துவம் குறையும் என்று அஞ்சினர். பெரிய கட்சிகளும் மனம் மாறின. 2018 ஆகஸ்டு 24ஆம் நாள் பாராளுமன்றத்தில் அவ்வறிக்கைக்கு எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! மீளாய்வுக்கென பிரதமர் தலைமையில் அமைந்த குழுவிடமிருந்து அறிக்கை வரவேயில்லை. பழைய சட்டமோ நீக்கப்பட்டுவிட்டது. புதிய சட்டத்துக்கோ எல்லை இல்லை. 2025ஆம் ஆண்டு முடியும் வரை ஒரு மாகாணத்திலும் தேர்தல் நடைபெறவில்லை.

எல்லை இல்லாத இடத்தில் ஆட்சி இல்லாமற் போய்விடுமா? போகாது. மாகாணத்தின் அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கைக்குச் சென்றது. கட்சிகளின் பூசலால் முடங்கிய எல்லை, மக்களிடமிருந்து அதிகாரத்தை எடுத்து நிறைவேற்று அதிகாரத்தின் மடியிற் போட்டுவிட்டது. இதில் நட்டமடைந்தது இறக்குவானைத் தோட்டத் தொழிலாளி மட்டுமல்லர். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள விவசாயியுமே. இருவரும் சேர்ந்து கேட்கவேண்டிய கேள்வி இது.

உள்ளூராட்சியிலும் கதை இதுவே. 2023 மார்ச் 9ஆம் நாள் நடக்கவிருந்த தேர்தல் நிதியில்லை என்று நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் நாளே வாக்களிப்பு நடந்தது.

நாம் செய்யவேண்டியவை

நுவரெலியா மாவட்டத்தில் நம் மக்கள் செறிந்து வாழ்கின்றனர். ஆகவே அவர்கள் கேட்டபோது, 2018 தேர்தலுக்கு முன் இரண்டு பிரதேச சபைகள் ஆறாக்கப்பட்டன. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் நாம் சிதறி இருக்கிறோம். பலாங்கொடையில் ஒரு கூட்டம், தெரணியகலையில் ஒரு கூட்டம், யட்டியாந்தோட்டையில் ஒரு கூட்டம். சிதறியவர்க்கே எல்லைக் கோடு உயிர்நாடி.

சிறு கணக்கொன்று சொல்வோம். 1,500 வாக்குகள் கொண்ட வட்டாரத்தில் ஒரு தோட்டத்தின் 600 வாக்குகள் சேர்ந்திருந்தால், எவரும் அத்தோட்டத்தைத் தாண்டி வெல்வது அரிது. அதே தோட்டத்தின் மேற்கணக்கு ஒரு வட்டாரத்திலும், கீழ்க்கணக்கு வேறொன்றிலும், புதுக்கணக்கு இன்னொன்றிலும் போய்விட்டால், மூன்றிலும் 200 வாக்குகள், மூன்றிலும் தோல்வி. ஒருவர் வாக்கும் பறிக்கப்படவில்லை. எல்லார் குரலும் போயிற்று.

ஆகவே நாம் கோருவன இவை. முதலாவது, எந்த எல்லை நிர்ணயக் குழு வந்தாலும், ஒரு தோட்டத்தை ஒரே வட்டாரத்துள் வைக்கக் கோரும் மனு, லயம் லயமாகக் குடும்பக் கணக்குடனும் வரைபடத்துடனும் நம் கையில் ஆயத்தமாக இருக்கவேண்டும். குழு வந்தபின் கூட்டம் போடுவது வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதாகும். படித்த இளைஞர்களும் ஆசிரியர்களும் இவ்வேலையை ஏற்கட்டும்.

இரண்டாவது, தொழிற்சங்கத்துக்கொரு மனு, கட்சிக்கொரு வரைபடம் என்று போகாதீர்கள். இந்தியக் காங்கிரஸின் வழிவந்த தொழிலாளர் இயக்கம் 1950களின் நடுவில் பிளந்தது முதல் நம் சங்கங்கள் பிரிந்தே வந்துள்ளன. சந்தாவுக்குப் போட்டியிடுங்கள், மேடையில் வாதாடுங்கள். எல்லைக் குழுவின் முன் மட்டும் ஒரே தாளில் கையொப்பமிடுங்கள்.

மூன்றாவது, சட்டத்தில் ஒரு வாசகம் வேண்டும். குறித்த நாளுக்குள் புதிய எல்லை ஆயத்தமாகாவிடின், பழைய எல்லையிலும் பழைய முறையிலும் தேர்தல் நடந்தே தீரவேண்டும். தாமதத்தால் ஆட்சியாளர் இலாபம் அடையும் வரை தாமதம் ஓயாது.

நான்காவது, இடாப்பைப் பாருங்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குச் சபைப் பணம் வருவதைத் தடுத்து நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. இன்று தோட்டப் பாதைக்கும் குடிநீருக்கும் சபையிடம் கேட்க வழி உண்டு. கேட்பதற்கு ஆள் வேண்டும். ஆளை அனுப்ப வாக்கு வேண்டும். வாக்குக்குப் பெயர் இடாப்பில் இருக்கவேண்டும். கிராம உத்தியோகத்தர் படிவம் கொண்டுவரும் காலத்தில், கொழும்பில் வேலைக்குப் போன பிள்ளையின் பெயர் எங்கே பதியப்படுகிறது என்று ஒவ்வொரு வீடும் விசாரிக்கட்டும்.

தோழர்களே! ஒரு பெயருக்காக ருவன்வெல்லையிலிருந்து லண்டன் வரை வழக்காடிய மக்கள் நாம். அன்று நம்மிடம் வாக்கு இல்லை. வழக்கு மட்டுமே இருந்தது. இன்று வாக்கு இருக்கிறது. கோட்டை வரைபவர் பேனாவைத் திறக்கும் வேளையில், நம் மனு அவர் மேசை மீது இருக்கட்டும்.