நம் வீட்டுச் சுவரில் ஒரு திருப்படம்
(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலிக்காகக் கோயிலுக்கு வெள்ளையடித்தபோது, பூசை உடுப்பு வைக்கும் அறையில் செல்லரித்த பழைய படங்கள் சில அகப்பட்டன. மந்திரித்த பொருள் காலில் மிதிபடலாகாது என்று எரித்துவிட்டோம். பிறகுதான் கேள்வி எழுந்தது: அவற்றை வரைந்தவர் யார்? எங்கே அச்சானவை? சொல்ல நம்மில் ஒருவருமில்லை.

மாலை செபத்தில் நாம் விளக்கேற்றும் திரு இருதய ஆண்டவர் படங்கள் பலவற்றுக்கு மூலம், உரோமையின் ஜேசு ஆலயத்தில் உள்ள, 18ஆம் நூற்றாண்டில் பத்தோனி தீட்டிய ஓவியம். 1907-ல் தந்தை மத்தேயோ இல்லந்தோறும் திரு இருதய அரசாட்சியை நிறுவும் இயக்கத்தைத் தொடங்கினார். வண்ண அச்சு இல்லையேல் அப்படம் ஏழையின் மண்சுவருக்கு வந்திருக்குமா? பின்னர் சிவகாசி நாட்காட்டிகளும் அத்தொண்டைச் செய்தன.

அச்சு என்றால் நகலெடுக்கும் வேலை மட்டுமன்று. பிரான்சின் கத்தோலிக்க ஓவியர் ஜார்ஜ் ருவோ, முதல் உலகப் போரின் துயரை மனத்திற்கொண்டு 58 தகடுகளில் படங்கள் உருவாக்கி, ‘மிசெரேரே’ என்ற தொகுதியாக 1948-ல் வெளியிட்டார். வண்ணமே இல்லை, கறுப்பும் வெள்ளையுந்தான். வீடற்றோருக்கும் அழும் தாய்மாருக்கும் நடுவே பாடுபட்ட ஆண்டவரின் முகம்!

நம் நாட்டிலோ, கோவாவில் 1902-ல் பிறந்த ஆஞ்செலோ த பொன்சேக்கா, தேவமாதாவுக்குச் சேலை உடுத்தி வரைந்தார். சொந்த ஊரில் கண்டனம் எழுந்தது. பூனா சென்று, ஓர் ஆசிரமத்தில் தங்கி வரைந்தார். 1967-ல் மறைந்தார். பட்டு உடுத்திய வேளாங்கண்ணி மாதாவைக் கைகூப்பும் நமக்கு இது வியப்பாக இல்லையா?

எந்த ஒரு கலைப் பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாகக் கொள்ளவில்லை. எல்லா இனத்தார், நாட்டார் கலைக்கும் அதில் இடமுண்டு என்று 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக்கியது.

சித்தன்னவாசலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சமணர் தீட்டிய தாமரைத் தடாகம் இன்றும் நம் மாவட்டத்தின் பெருமை. அந்த மண்ணின் பிள்ளைகளுக்குத் தூரிகை பிடிக்க வராதா? மறைக்கல்வி வகுப்பில் அவர்களை வரையச் சொல்வோம். நல்லதொன்றை அச்சிட்டு வீடுதோறும் கொடுப்போம். இருக்கும் பழைய படங்களின் பின்புறம், யார் வாங்கியது, எந்த ஆண்டு என்று இன்றிரவே எழுதி வைப்போம். எரித்தது போதும்.

இறைவனுக்கே புகழ்!