வழாநிலையும் வகைக்குறிப்பும்



இலக்கணம் பயிற்றுவோரும் பயில்வோரும் கூடியுள்ள இவ்வவையில் கணினி நிரல் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். வகுப்பறையில் நாள்தோறும் நாம் கற்பிக்கும் செய்தியொன்று நிரல்மொழியிலும் வேறு பெயரில் வழங்குகிறது. அதனை எடுத்துக்காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

பணி ஓய்வுக்குப் பின் மொழித்தேர்வு ஒன்றின் மதிப்பெண்களைத் தொகுக்கும் பொறுப்பு எங்களிடம் வந்தது. லிப்ரே ஆபீஸ் தொகுப்பிலுள்ள கால்க் என்னும் விரிதாள் செயலியை இயக்க, பைத்தான் மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதினோம். தரவரிசையின் கடைசியில் ஒரு மாணவி சுழியம் பெற்று நின்றார். உண்மையில் அவர் நோயுற்றுத் தேர்வுக்கே வரவில்லை. ஆசிரியர் அக்கட்டத்தில் ‘வரவில்லை’ என்று எழுதியிருந்தார். எங்கள் நிரலோ அதனைச் சுழியம் என்று வாசித்துவிட்டது. பிழைச்செய்தி எதுவும் எழவில்லை. பட்டியல் வெளிவருமுன் அவ்வாசிரியரே கண்டு சொன்னமையால் அம்மாணவி தப்பினார். அன்று நாங்கள் அடைந்த நாணமே இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று.

லிப்ரே ஆபீஸ் 2010ஆம் ஆண்டில் ஓப்பன் ஆபீஸ் திட்டத்திலிருந்து பிரிந்து தோன்றியது. அதன் உள்ளுறுப்புகளை வெளியிலிருந்து இயக்கும் அமைப்புக்கு யூனோ என்று பெயர். அதில் ஒரு கட்டம் எண்ணாகவும் எழுத்தாகவும் வாய்பாடாகவும் அணுகப்படலாம். ஒரு பொருள் எத்தகையது என்பதைப் பைத்தான் நிரல் ஓடும்போதுதான் அறியும். ஆகவே, ஒரு கட்டளைப் பெயரைப் பிழைபட எழுதினாலும் அவ்வரியை எட்டும்வரை பிழை வெளிப்படுவதில்லை.

இக்குறையை நீக்கவே வகைக்குறிப்புகள் வந்தன. 2015இல் வெளிவந்த பைத்தான் 3.5 பதிப்பு இதற்குரிய பொதுமுறையை அளித்தது. இச்செயல் எண்ணைப் பெறும், இச்செயல் எழுத்துத் தொடரைத் தரும் என்று நிரலிலேயே எழுதி வைக்கலாம். யூனோவின் பொருள்களுக்கு இத்தகைய குறிப்புகளைத் தொகுத்துத் தரும் நிரலகங்கள் உள்ளன. டைப்ஸ்-யூனோபை அவற்றுள் ஒன்று. அதனை நிறுவியபின், எழுதும்போதே இப்பொருளுக்கு உரிய கட்டளைகள் இவை என்று பதிப்பி காட்டுகிறது. மைபை போன்ற சரிபார்ப்பான்கள், நிரலை ஓட்டாமலேயே பொருந்தாத இடங்களைச் சுட்டுகின்றன.

தமிழ் கற்றோர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் திணையும் பாலும் பொருந்துவதைப் பேசியே தொடங்குகிறது. ‘அவன் வந்தது’ என்பது திணை வழு. ‘அவன் வந்தாள்’ என்பது பால் வழு. அவன் யார், எங்கிருந்து வந்தான் என்பவற்றை அறியாமலேயே இவ்வழுக்களை நாம் காண்கிறோம். சொல்லின் வகையே அதற்குப் போதும். சரிபார்ப்பான் செய்வதும் இதுவே. எண் வரவேண்டிய இடத்தில் எழுத்துத் தொடர் வந்தால் அதனை வழு என்று சுட்டுகிறது. இச்சரிபார்ப்பு இல்லாவிடில், எழுத்தாகப் படிக்கப்பட்ட 12ஐயும் 5ஐயும் பைத்தான் கூட்டாமல் ஒட்டி 125 ஆக்கிவிடும்.

வழுவமைதிக்கும் இங்கே இடமுண்டு. உவப்பினால் பசுவை ‘அம்மை வந்தாள்’ என்பதை இலக்கணம் அமைத்துக்கொள்கிறது. அதுபோல, இவ்வரியைச் சோதிக்க வேண்டா என்று நிரலர் குறித்துவிடலாம். இலக்கணம் அமைதிக்குக் காரணம் கூறுகிறது. நிரலரும் அவ்வாறே காரணத்தை எழுதி வைப்பது நன்று.

இனி, அம்மாணவிக்கு வருவோம். வகைக்குறிப்பு இருந்திருந்தால் அப்பிழை அகப்பட்டிருக்குமா? அகப்பட்டிராது என்பதே நேர்மையான விடை. கட்டத்தின் மதிப்பைக் கேட்கும் கட்டளை எப்போதும் ஓர் எண்ணையே தரும்; கட்டத்தில் எழுத்து இருந்தால் சுழியத்தைத் தரும். சுழியமும் எண்ணே. ஆகவே வகையில் வழு இல்லை. மழை பெய்யாத நாளில் ‘மழை பெய்தது’ என்றால் அத்தொடரில் இலக்கண வழு ஏதுமில்லை. ஆயினும் அது பொய். வழாநிலை வேறு, வாய்மை வேறு.

இதற்குத் தீர்வும் யூனோவிலேயே உண்டு. மதிப்பைக் கேட்குமுன் கட்டத்தின் உள்ளடக்கம் எத்தகையது என்று கேட்கலாம். வெறுமை, எண், எழுத்து, வாய்பாடு என நான்கனுள் ஒன்றை அது விடையாகத் தரும். எழுத்து என்று விடை வந்தால் சராசரியில் சேர்க்காமல் தனியே நிறுத்தி, மனிதர் ஒருவர் பார்க்கும்படி செய்யலாம். எங்கள் நிரலை அவ்வாறே திருத்தினோம். அக்கேள்வியைக் கேட்கவேண்டும் என்று எந்தச் சரிபார்ப்பானும் எங்களுக்குச் சொல்லவில்லை. ‘வரவில்லை’ என்னும் சொல்லின் பொருளை அறிந்த ஆசிரியரே சொன்னார்.

மாணவர்களே, வகைக்குறிப்புகளை எழுதப் பழகுங்கள். அவை பல இடர்களை முன்னரே தவிர்க்கும். ஆசிரியப் பெருமக்களே, திணையும் பாலும் கற்பிக்கும் வகுப்பில் இந்த எடுத்துக்காட்டையும் ஒருமுறை கூறுங்கள். பட்டியல் ஒன்றை வெளியிடுமுன், அதில் உள்ள பெயர்களை அறிந்த ஒருவரிடம் அதனைக் காட்ட நாம் யாவரும் மறவாதிருப்போமாக.