உள்ளதை உள்ளபடி காட்டினால் யாருக்குக் கோபம்?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், 19-வது நூற்றாண்டில் ஐரோப்பாவில் சித்திரத்திலும் நாடகத்திலும் தோன்றிய ரியலிஸம் என்பதாகும். ரியலிஸம் என்றால் உள்ளதை உள்ளபடி காட்டுவது, அவ்வளவுதான். கண்ணால் காண்பதை எழுதுவதற்கு ஓர் இயக்கமும் வேண்டுமா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். இயக்கம் மாத்திரமல்ல, அதற்காகச் சண்டையும் போட வேண்டியிருந்தது என்பதுதான் நாம் சொல்லவந்த சங்கதி.

அக்காலத்துப் பிரெஞ்சு தேசத்தில் பெரிய படம் என்றால், அதில் இடம்பெற யோக்கியதை உடையவர்கள் அரசர்கள், சேனாதிபதிகள், தேவதைகள், புண்ணிய புருஷர்கள் ஆகியவர்களே. குடியானவனை எழுதினாலும் சின்னப் படத்தில் வேடிக்கைக்காக எழுதுவதே வழக்கம். இப்படியிருக்க, குர்பே என்பவர் 1849-ல், ரோட்டோரத்தில் கல்லுடைக்கும் ஒரு கிழவனையும் ஒரு பையனையும் கிழிந்த துணியோடு ஏறக்குறைய ஆள் அளவிற்கே எழுதினார். அடுத்து, தம் சொந்த ஊராகிய ஓர்னானில் பிணம் புதைக்கும் காட்சியை, சுமார் 10 அடி உயரமும் 22 அடி நீளமும் உள்ள படமாக எழுதினார். அதில் இருக்கும் 40-க்கு மேற்பட்டவர்கள் அவ்வூர்க்காரர்களே. வானம் திறக்கவில்லை, ஆத்மாவை அழைத்துப்போக ஒருவரும் வரவில்லை. குழி இருக்கிறது, பாதிரி இருக்கிறார், அழுகிற பெண்கள் இருக்கிறார்கள், ஒரு நாயும் இருக்கிறது.

1850 கடைசியில் துவங்கிய பாரிஸ் கண்காட்சியில் இவை வைக்கப்பட்டபோது, அவலட்சணம் என்று பலர் கூச்சலிட்டார்கள். அழகில்லை என்பதா குற்றம்? அரசனுக்கு உரிய அளவில் குடியானவன் நின்றதல்லவா குற்றம்! 1855-ம் வருஷக் கண்காட்சியிலோ, அவருடைய முக்கியமான படங்கள் சிலவற்றைத் தள்ளிவிட்டார்கள். உடனே அவர் பக்கத்திலேயே தனிக் கொட்டகை போட்டு, அதற்கு ரியலிஸம் என்று பெயரும் கொடுத்து, சுமார் 40 படங்களைத் தாமே காட்டினார். தேவதூதனை எழுதச் சொன்னவர்களிடம், ஒருவனைக் காட்டுங்கள், எழுதுகிறேன் என்று அவர் பதில் சொன்னதாகவும் சொல்லுவார்கள்.

தோழர்களே! படம் சுவரில் பேசாமல் தொங்குவது. அதற்கே இவ்வளவு கோபமென்றால், மேடைமீது மனிதர்கள் வந்து வாய் திறந்தால் என்ன ஆகும்? நார்வே தேசத்து இப்சன் எழுதிய 'பொம்மை வீடு' 1879-ல் கோபன்ஹேகனில் நடிக்கப்பட்டது. நோரா என்னும் பெண், தான் புருஷனுக்கு ஒரு விளையாட்டுப் பொம்மையாகவே இருந்துவந்ததை உணர்ந்து, வீட்டையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறுவதோடு நாடகம் முடிகிறது. ஜெர்மனியில் நோராவாக நடிக்கவேண்டிய நடிகையே, முடிவை மாற்றினால்தான் நடிப்பேன் என்றார். பிறர் கையில் விட்டால் இன்னும் கெட்டுப்போகும் என்று இப்சனே வேறு முடிவு எழுதிக்கொடுத்தார்; ஆனால் அது நாடகத்திற்குச் செய்த அக்கிரமம் என்றும் கண்டித்தார். பெண் அடைபட்டிருப்பதைப் பற்றி வராத ஆத்திரம், அவள் கதவைத் திறந்ததும் வந்துவிட்டது பார்த்தீர்களா?

இதைவிட வேடிக்கை ஒன்று கேளுங்கள். 1844-ல் சைலீசியாவில் நெசவாளர்கள் கூலி குறைந்து பட்டினி கிடந்து, முதலாளிகள் மீது கலகம் செய்தார்கள். அதை ஹவுப்ட்மன் என்பவர் 'நெசவாளர்கள்' என்று நாடகமாக எழுதினார். அதில் தனிக் கதாநாயகன் கிடையாது. பசித்த கூட்டமே கதாநாயகன். பெர்லின் போலீசார் 1892-ல் அதைத் தடுத்தார்கள். 1893-ல் பிரஷ்ய மேல் கோர்ட்டு தடையை நீக்கியது. என்ன காரணத்தால் தெரியுமா? அந்தக் கொட்டகையில் டிக்கெட் விலை அதிகம், ஆகையால் தொழிலாளிகள் அதிகமாக வரமாட்டார்கள், வருகிற பணக்காரர்கள் கலகம் செய்யமாட்டார்கள் என்ற காரணத்தால்! 1894-ல் அது அங்கே பகிரங்கமாக நடிக்கப்பட்டதும், கெய்சர் சக்ரவர்த்தி அக்கொட்டகையில் தமக்கிருந்த தனி ஆசனத்தையே வேண்டாமென்று விட்டுவிட்டார்.

ஆகவே, பட்டினி இருப்பது அவர்களுக்கு ஆபத்தாகப் படவில்லை. பட்டினிக்காரன் தன் நிலையை மேடையில் பார்த்துவிடுவதுதான் ஆபத்தாகப் பட்டது. இனி எந்தப் படத்தைப் பார்த்தாலும், எந்த நாடகத்திற்குப் போனாலும், இதில் யாரைப் பெரிதாகக் காட்டுகிறார்கள், யாரை மறைக்கிறார்கள், அதனால் யாருக்கு லாபம் என்று கேட்டுப்பாருங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக ஒப்புக்கொள்ளவேண்டாம். உங்கள் கண்ணையும் புத்தியையும் கொண்டே முடிவு செய்யுங்கள்.